குழந்தை பிறந்த பின் பாதியில் நிற்கும் ஆய்வு: வீட்டில் எப்படிப் பேசுவது?

கேள்வி: உப்பங்கழி

அனைவருக்கும் வணக்கம். எனக்குப் பெண் குழந்தை பிறந்து ஐந்து மாதம் ஆகிறது. தலைப்பிரசவம் என்பதால் மன்னார்குடிக்கு அருகே உள்ள அம்மா வீட்டில்தான் இன்னமும் இருக்கிறேன். கணவர் கோயம்புத்தூரில் தனியார் நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறார்; விடுமுறை கிடைக்கும்போதெல்லாம் வந்து போகிறார். அடுத்த மாதம் நல்ல நாள் பார்த்துக் குழந்தையையும் என்னையும் அங்கே அழைத்துச் செல்வதாகப் பேச்சு நடக்கிறது.

நான் தாவரவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்து வந்தேன். 2018 நவம்பரில் வீசிய கஜா புயல், கடலோரச் சேற்று நிலத்தில் வளரும் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டை என்ன செய்துவிட்டுப் போனது என்பது டெல்டாக்காரர்களுக்கு மறந்திருக்காது. சாய்ந்த மரங்களுக்கிடையே எந்தெந்த இடத்தில் கன்றுகள் தாமாகவே முளைத்து வருகின்றன, எந்த இடம் இன்னும் வெறும் சேறாகவே கிடக்கிறது, மண்ணில் ஏறியிருக்கும் உப்புக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்பதுதான் என் ஆய்வு. படகில் போய், பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் கட்டம் கட்டி, அதற்குள் இருக்கும் கன்றுகளை எண்ணி, உயரம் அளந்து, குழி தோண்டி ஊறும் நீரின் உப்பைப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். வயிற்றில் குழந்தை இருந்தபோதும் மருத்துவர் அனுமதித்த வரைக்கும் போய்க்கொண்டுதான் இருந்தேன். இன்னும் இரண்டு பருவங்களின் கணக்கெடுப்பு பாக்கி இருக்கிறது. எழுத வேண்டிய இயல்களில் பெரும்பகுதியைத் தொடவே இல்லை.

குழந்தை மீது எனக்கு அன்பு குறைவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பால் குடித்து முடித்த பிறகும் கண்ணைத் திறக்காமல் அவள் உதட்டைச் சப்புக்கொட்டிக்கொண்டிருக்கும்போது உலகத்தில் எனக்கு வேறெதுவும் வேண்டியதில்லை என்றுதான் தோன்றுகிறது. ஆனால் அவளைத் தூளியில் இட்டு ஆட்டிக்கொண்டிருக்கும்போதே கையெழுத்தில் கிடக்கும் களக்குறிப்புகளும், இந்த மழைக்கு எந்தக் கட்டம் எப்படி ஆகியிருக்கும் என்ற எண்ணமும் மனத்துக்குள் ஓடத் தொடங்கிவிடுகின்றன. உடனே, பெற்ற குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு இப்படி நினைக்கிறோமே என்று உறுத்துகிறது. சில நாட்கள் பொழுது சாயும் நேரத்தில் காரணம் புரியாமல் அழுகை வந்துவிடுகிறது.

வீட்டில் யாரும் கடுமையாகப் பேசவில்லை. அதனாலேயே என்னால் பதில் பேச முடியவில்லை. வங்கி வேலையாகவோ பள்ளிக்கூட வேலையாகவோ இருந்தால் விடுப்பு முடிந்ததும் போய்த்தானே ஆக வேண்டும் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டிருப்பார்கள். மாதச் சம்பளம் எந்த வீட்டுக்கும் புரிகிற காரணம். எனக்கோ உதவித்தொகைக் காலமும் முடிந்துவிட்டது. "படிப்பு எங்கேம்மா ஓடிவிடப் போகிறது, பிள்ளை எழுந்து நடக்கட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று மாமியார் அன்பாகத்தான் சொல்கிறார். மழைக்காலத்தையொட்டி விதை விழுந்து முளைக்கும் பருவத்தைத் தவறவிட்டால் அந்த ஆண்டின் தரவு மறுபடி கிடைக்கவே கிடைக்காது என்பதை அவருக்கு எப்படி விளக்குவது? இந்த நேரத்தில் என் ஆய்வை நினைப்பது சுயநலமா? கைக்குழந்தையோடு ஆய்வை முடித்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.

பதில் 1: நெய்தல் நிலத்தவள்

அன்புத் தோழி, நான் கல்லூரி ஆசிரியை. என் ஆய்வேட்டின் பாதியை மகன் பிறந்த பிறகுதான் எழுதினேன். இப்போது மூன்று ஆய்வாளர்களுக்கு நெறியாளராகவும் இருக்கிறேன். ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அலுவல் முறையானதை முடித்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016ஆம் ஆண்டு நெறிமுறைகளிலும் சரி, 2022ஆம் ஆண்டு நெறிமுறைகளிலும் சரி, பெண் ஆய்வாளர்களுக்கு மகப்பேறு அல்லது குழந்தைப் பராமரிப்பு விடுப்பாக 240 நாட்கள் வரை வழங்க இடம் இருக்கிறது. ஆறு ஆண்டு என்ற உச்ச வரம்புக்கு மேல் பெண்களுக்குக் கூடுதலாக இரண்டு ஆண்டு தளர்வும் உண்டு. ஆனால் இவை எதுவும் தாமாக வந்து சேராது. விண்ணப்பம் எழுதி, மருத்துவமனையின் பிறப்புச் சான்றை இணைத்து, நெறியாளரின் பரிந்துரையோடு துறைத்தலைவர் வழியாக அனுப்ப வேண்டும். அனுப்பிய நகலைக் கையில் வைத்திருக்க வேண்டும். நீங்கள் எந்த ஆண்டு நெறிமுறையின்கீழ் பதிவு செய்யப்பட்டிருக்கிறீர்கள் என்பதையும் ஆய்வுப் பிரிவில் கேட்டுக்கொள்ளுங்கள். விடுப்பு எடுக்காமலே வீட்டில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் பலர். காலம் கரைந்த பிறகுதான் அவர்களுக்கு இந்த விதியே தெரிய வருகிறது.

அடுத்து, பாக்கி வேலையைப் பிரித்துப் பாருங்கள். எந்த இடத்தில் கட்டம் போடுவது, எந்தக் கன்றைப் புயலுக்குப் பிந்தைய முளைப்பு என்று கொள்வது என்பதற்கு உங்கள் கண்தான் வேண்டும். இடம் நிலையாகிவிட்ட பின் எண்ணுவதற்கும், உயரம் அளப்பதற்கும், ரிஃப்ராக்டோமீட்டரில் உப்பைப் பார்த்து எழுதுவதற்கும் நன்றாகப் பழக்கப்பட்ட ஓர் உதவியாளர் போதும். இளநிலை ஆய்வாளர் ஒருவரை முதல் தடவை உங்களோடு அழைத்துச் சென்று, ஒரே கட்டத்தை இருவரும் தனித்தனியே எண்ணி, எண்கள் ஒத்துவருகின்றனவா என்று பாருங்கள். ஒத்துவந்தால் அதை ஆய்வேட்டில் முறையியல் பகுதியில் வெளிப்படையாக எழுதலாம். எந்தத் தேர்வாளரும் குறை சொல்ல மாட்டார். அப்படிச் செய்தால் நீங்கள் நேரில் போக வேண்டிய நாட்கள் மிகவும் சுருங்கிவிடும். கடல்நீர் ஏறி இறங்கும் ஓதம் பார்த்துக் காலையில் படகு ஏறினால் மன்னார்குடியிலிருந்து போய்ப் பிற்பகலுக்குள் திரும்பிவிடலாம்.

வீட்டில் பேசுவது பற்றி. "எனக்குக் கொஞ்சம் நேரம் வேண்டும்" என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள், எதுவும் நடக்காது. "செவ்வாயும் வெள்ளியும் காலை ஒன்பது முதல் பன்னிரண்டு வரை குழந்தை உங்கள் பொறுப்பு, பசித்தால் மட்டும் என்னைக் கூப்பிடுங்கள்" என்று நாளையும் நேரத்தையும் சொல்லிக் கேளுங்கள். நான் அப்படிக் கேட்டபோதுதான் என் மாமியார் உண்மையாகவே ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டதைத் தவறாமல் செய்தும் கொடுத்தார். இன்னொன்றையும் வற்புறுத்திச் சொல்வேன்: பட்டம் வந்தால் வேலை கிடைக்கும், சம்பளம் வரும் என்று காரணம் காட்டி உங்கள் ஆசையை மறைக்க வேண்டாம். வேலை தாமதமானால் அந்தக் காரணம் உடைந்துவிடும். அந்தக் காடு மீள்கிறதா என்று தெரிந்துகொள்ள உங்களுக்கு ஆசை. அதை அப்படியே சொல்லுங்கள். களப் படங்களை மாமியாரிடம் காட்டுங்கள். புயலில் தென்னை இழந்த குடும்பங்களுக்கு நடுவே இருக்கிறோம். இந்தக் கேள்வி அவர்களுக்கு அந்நியமானது இல்லை.

சுயநலமா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை.

பதில் 2: செவிலியர்

சகோதரி, நான் அரசு மருத்துவமனையில் மகப்பேறுப் பிரிவில் பணியாற்றுகிறேன். உங்கள் கடிதத்தில் அழுகை பற்றிய அந்த ஒரு வரியிலேயே நின்றுவிட்டேன்.

பிரசவமான சில நாட்களில் தொடங்கும் மனச்சோர்வும் அழுகையும் பெரும்பாலான தாய்மார்களுக்கு வருவதுதான்; அது இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். ஐந்தாவது மாதத்தில் அழுகை தொடர்கிறது என்றால் அதை அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. பிரசவத்துக்குப் பிந்தைய மன அழுத்தம் முதல் ஓராண்டில் எப்போது வேண்டுமானாலும் தலைகாட்டலாம். அதோடு இரத்தசோகையும், பிரசவத்தை அடுத்து வரும் தைராய்டு கோளாறும் இதே போன்ற களைப்பையும் மனவாட்டத்தையும் தரக்கூடியவை. ஆகவே ஹீமோகுளோபின், தைராய்டு இரண்டுக்கும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். எடின்பரோ அளவுகோல் என்று 10 கேள்விகள் கொண்ட வினாத்தாள் ஒன்று 1987 முதல் பயன்பாட்டில் இருக்கிறது. கடந்த ஏழு நாட்களில் எப்படி உணர்ந்தீர்கள் என்று கேட்கும். தமிழிலும் இருக்கிறது. மதிப்பெண் கூடினால் நோய் என்று முடிவு கட்டுவதில்லை. மருத்துவர் பார்க்க வேண்டும் என்பதுதான் பொருள். சிகிச்சை தேவைப்பட்டால் பாலூட்டும்போதே எடுத்துக்கொள்ளக்கூடிய மருந்துகளும் இருக்கின்றன. இரவில் மனம் தாங்கவில்லை என்றால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு, அதாவது அரசின் மனநல உதவி எண்ணுக்கு, அழைக்கலாம். கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம்.

வெளியே போகும் நாட்களுக்குப் பாலைப் பிழிந்து வைக்கலாம். அறை வெப்பநிலையில் நான்கு மணி நேரம் என்று சொல்வது 25 டிகிரிக்கு உட்பட்ட அறைக்குத்தான். நம் ஊர் வெயிலுக்கு உடனே ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள், நான்கு நாட்கள் வரை இருக்கும். கதவுப் பக்கத்தில் வைக்காமல் உள்ளே தள்ளி வையுங்கள். கொடுக்கும்போது வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இறக்கி வைத்துச் சூடாக்க வேண்டும். அடுப்பில் நேரடியாக வைக்கக் கூடாது. ஆறு மாதம் முடிந்ததும் கேழ்வரகுக் கூழ், மசித்த பருப்புச் சாதம் என்று தொடங்கலாம். அப்போது நீங்கள் கூடுதல் நேரம் வெளியே இருக்க முடியும்.

பதில் 3: பேரன் பேத்தி எடுத்தவள்

அம்மாடி, எல்லோரும் நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். எனக்கு ஒன்றுதான் மனத்தில் பட்டது. கணவர் வந்து போகிறார், மாமியார் அன்பாகப் பேசுகிறார் என்று எழுதிய உங்கள் கடிதத்தில், அம்மா வீட்டில் இருக்கிறீர்கள் என்பதைத் தவிர அம்மாவைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

விடியற்காலையில் எழுந்து வெந்நீர் போடுவது, காலை நீட்டி உட்கார்ந்து குழந்தையைக் குப்புறக் கிடத்திக் குளிப்பாட்டுவது, சாம்பிராணி காட்டுவது, உங்களுக்குத் தனியாகப் பூண்டுக் குழம்பு வைப்பது, மூத்திரத் துணிகளை அலசி வெயில் மாறுவதற்குள் கொடியில் போடுவது, இவை எல்லாம் யார் செய்கிறார்கள்? என் இரண்டு பெண்களுக்கும் இதைச் செய்தவள் நான், அலுத்துக்கொண்டு செய்யவில்லை. ஆனால் முதுகு வலித்தது. காலையில் அக்கம்பக்கத்துப் பெண்களோடு கோயிலுக்குப் போய் வருவது எனக்குப் பிடித்த ஒன்று. அது பல மாதம் நின்றது. ஒருவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. உங்களுக்கு ஆய்வு இருப்பதுபோல் உங்கள் அம்மாவுக்கும் ஏதாவது நின்றிருக்கும். அதைக் கேட்டுவிட்டு அப்புறம் நேரத்தைப் பங்கு போடுங்கள். துணி துவைக்கவும் பாத்திரம் தேய்க்கவும் ஓர் ஆளை அமர்த்தினால், அந்தச் செலவைத் தயங்காமல் உங்கள் கணவர் தரட்டும்.

பிள்ளைக்கு ஒரு வயது ஆகும் வரையாவது தாய் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம். ஆசிரியை அம்மா கோபித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் பக்கத்தில் இருப்பது என்றால் இருபத்துநான்கு மணி நேரமும் மடியிலேயே என்று நான் சொல்லவில்லை. கோயம்புத்தூர் போய்விட்டால் உங்களுக்கு முத்துப்பேட்டையும் தூரம், அம்மாவும் தூரம். அந்தக் கணக்கெடுப்பு முடியும் வரை இங்கேயே தங்கலாமா என்று யோசியுங்கள். தாய் வீட்டில் நீண்ட நாள் தங்கினால் ஊர் ஏதாவது பேசும், சம்பந்தி வீட்டிலும் மனம் சுணங்கும். அதனால் அந்த வார்த்தை உங்கள் கணவர் வாயிலிருந்து அவர் அம்மாவுக்குப் போக வேண்டும். நீங்கள் சொன்னால் அது வேறு மாதிரி ஆகும்.

பதில் 4: இரு பெண்களின் தந்தை

மத்திய அரசு ஊழியர்களுக்கு 15 நாட்கள் தந்தைமை விடுப்பு உண்டு. தனியார் நிறுவனங்களுக்கு அப்படி எந்தச் சட்டக் கட்டாயமும் இல்லாததால், என் மனைவியின் தேர்வு நாட்களுக்காக நான் ஈட்டிய விடுப்பைச் சேர்த்து வைத்து எடுத்தேன். விருந்தாளி போல வந்து குழந்தையைத் தூக்கிக் கொஞ்சிவிட்டுப் போகும் தந்தையிடம் குழந்தை அழாமல் இருக்காது. தொடர்ந்து ஒரு வாரம் உடன் இருந்து, ஏப்பம் விட வைப்பது முதல் இரவில் தூங்க வைப்பது வரை அவரே செய்தால்தான் அதற்கு அவருடைய தோளும் குரலும் பழகும். உங்கள் கணவரின் நிறுவனம் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதித்தால், கணக்கெடுப்புப் பருவத்தில் அவர் மன்னார்குடிக்கு வந்து தங்கட்டும். உதவி செய்ய வருவதாக எண்ணாமல், தம் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வருவதாக எண்ணி வரட்டும்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி: உப்பங்கழி

எல்லோருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. மூன்றாவது பதிலைப் படித்த அன்றே அம்மாவிடம் கேட்டேன். முதலில் "எனக்கென்ன குறை" என்றார். மறுநாள் குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தபோது, மகளிர் குழுக் கூட்டத்துக்குப் போக முடியாமல் கணக்குப் புத்தகத்தை வேறு ஒருவரிடம் கொடுத்துவிட்டதாகத் தாமே சொன்னார். பல ஆண்டுகளாக அந்தக் கணக்கை எழுதி வருபவர் அவர். துணி துவைக்கப் பக்கத்துத் தெருவிலிருந்து ஒருவர் இந்த வாரம் முதல் வருகிறார்; கூட்டத்து நாளன்று பிற்பகல் குழந்தை முழுக்க என் பொறுப்பு என்று பேசிக்கொண்டோம். அதற்கு ஈடாக எனக்கு இரண்டு காலை வேளைகளைத் தந்திருக்கிறார்.

செவிலியர் சகோதரி சொன்னபடி மருத்துவரைப் பார்த்தேன். ஹீமோகுளோபின் குறைவாக இருக்கிறது என்று இரும்புச்சத்து மாத்திரை தந்திருக்கிறார். தைராய்டு முடிவு இன்னும் வரவில்லை. வினாத்தாளையும் நிரப்பினேன், இரண்டு வாரம் கழித்து மனநல மருத்துவரோடு ஒருமுறை பேசச் சொல்லியிருக்கிறார்கள். அழுகையைப் பற்றிக் கணவரிடம் சொன்னது அன்றுதான்.

கோயம்புத்தூர் போவதைத் தள்ளிப்போடுவது குறித்து அவர் தம் அம்மாவிடம் இந்த ஞாயிற்றுக்கிழமை பேசுவதாகச் சொல்லியிருக்கிறார். மாமியார் எப்படி எடுத்துக்கொள்வார் என்று தெரியவில்லை. பேத்தியைத் தம்மோடு வைத்துக்கொள்ள அவருக்கும் ஆசை இருக்கும், அதுவும் நியாயமானதே. அவரையும் சில வாரங்கள் இங்கே வந்து தங்கச் சொல்லலாமா என்று அம்மா கேட்கிறார்.

விடுப்பு விண்ணப்பத்தை எழுதிவிட்டேன். நெய்தல் நிலத்தவள் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உதவியாளருக்குப் பயிற்சி தரும்போது இருவருடைய எண்ணிக்கைக்கும் இடையே எந்த அளவு வேறுபாட்டை ஏற்கலாம் என்று உங்கள் துறையில் கொள்கிறீர்கள்? கன்றுகள் நெருக்கமாக முளைத்திருக்கும் கட்டங்களில் முழுக்க எண்ணாமல் உட்கட்டம் போட்டு எண்ணுவது சரியாக இருக்குமா என்பதையும் எழுதினால், அடுத்த வாரம் வரும் பெண்ணுக்கு நான் படிவம் தயாரித்து வைத்துவிடுவேன்.