புதுப்பிப்பு: குரோம் கழிவுநீரின் மஞ்சள் நிறம் போய்விட்டது

ராணிப்பேட்டையில் எங்கள் முலாம் பூசும் பட்டறையின் கழிவுநீர், சுண்ணாம்பு போட்ட பிறகும் மஞ்சளாகவே இருக்கிறது என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் தந்த அனைவருக்கும் நன்றி.

பலித்தது, "முதலில் பிஎச் (நீரின் அமில, கார அளவு) பாருங்கள்" என்ற யோசனைதான். மஞ்சள் நிறத்துக்குக் காரணமான ஆறு இணைதிறன் குரோமியம் (குரோமியத்தின் நச்சு மிகுந்த வடிவம்) சுண்ணாம்புக்குப் படியாது. அதை, சுண்ணாம்புக்குப் படியும் மூன்று இணைதிறன் வடிவத்துக்கு இறக்கியாக வேண்டும். கந்தக அமிலம் விட்டு பிஎச் 2.5க்குக் கீழே கொண்டுவந்து, பிறகு இந்த மாற்றத்தைச் செய்யும் சோடியம் மெட்டாபைசல்ஃபைட் கரைசலை ஊற்றினோம். மஞ்சள் மங்கி, கண்ணெதிரே பச்சையானது. அதன் பிறகே சுண்ணாம்பு. பிஎச் 8.5இல் வண்டல் திரிதிரியாகத் திரண்டு அடியில் இறங்கியது. ஆய்வக அறிக்கையில் ஆறு இணைதிறன் குரோமியம், லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் என்ற வரம்புக்குள் இருக்கிறது.

எதிர்பாராதது நெடி. கரைசல் அமிலத்தில் விழுந்ததும் கந்தக டை ஆக்சைடு கிளம்பி, அருகில் நின்றவருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. தொட்டிக்கு மூடியும் காற்றை வெளியே இழுக்கும் விசிறியும் போட்டுவிட்டோம். துணி முகமூடி இதற்கு உதவாது. முலாம் பூச சயனைடு தொட்டி வைத்திருப்பவர்கள் அந்தக் கழிவுநீரை இந்த அமிலத்தின் பக்கமே விடாதீர்கள். உயிர் குடிக்கும் வாயு வரும்.

வண்டல் அபாயக் கழிவு. ஊரில் ஏற்கெனவே கிடக்கும் குரோமியக் கழிவுக் குவியலே போதும் என்பதால், மூட்டை கட்டி, அனுமதி பெற்ற கிடங்குக்கு அனுப்புகிறோம்.