டமாரியன் மொழியில் ஒரு திருகாணி கேட்க முடியுமா?

நிலாச்சோறு எழுதியது:

நேற்று இரவு தம்பியோடு உட்கார்ந்து ‘டார்மோக்’ எபிசோடை மறுபடி பார்த்தேன். ‘ஸ்டார் ட்ரெக்: நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ விண்வெளித் தொடரின் ஐந்தாம் சீசன், 1991இல் வந்தது. எனக்கு ஐந்தாவது முறை, அவனுக்கு முதல் முறை.

பார்க்காதவர்களுக்காகக் கதை: டமாரியன்கள் என்ற வேற்றுலக இனத்தவர் பேசுவதை மொழிபெயர்ப்புக் கருவி சொல்லுக்குச் சொல் மாற்றித் தருகிறது. ஆனாலும் ஒன்றும் புரிவதில்லை. “டனாக்ராவில் டார்மோக்கும் ஜலாடும்”, “ஷாக்கா, சுவர்கள் விழுந்தபோது” என்றுதான் பேசுகிறார்கள். எல்லாமே அவர்களுடைய பழங்கதைக் காட்சிகள். அவர்களின் கேப்டன் டேதன், மனிதர்களின் கப்பல் கேப்டன் பிக்கார்டைத் தன்னோடு எல்-அட்ரல் என்ற கிரகத்தில் இறக்கிவிடுகிறார். அங்கே சரியாகக் கண்ணுக்குத் தென்படாத ஒரு மிருகம் இருக்கிறது. டார்மோக்கும் ஜலாடும் ஒரு தீவில் ஒன்றாகச் சேர்ந்து ஒரு மிருகத்தை எதிர்த்துப் போராடித்தான் நண்பர்கள் ஆனார்கள்; நாமும் அப்படி ஆகலாம் என்பது அவர் நினைப்பு. அதைச் சொல்ல அவருக்கு வேறு வழி கிடையாது.

எனக்கு மிகவும் பிடித்தது முதல் நாள் இரவு. பிக்கார்ட் தீ மூட்டத் தெரியாமல் திண்டாடுகிறார். டேதன் தன் நெருப்பிலிருந்து எரிகிற கட்டை ஒன்றை எடுத்து வீசி, “டெம்பா, கைகளை விரித்து” என்கிறார். பகலில் கத்தியை நீட்டியபோதும் இதையேதான் சொன்னார். சண்டைக்கு அழைக்கிறார் என்று நினைத்துப் பிக்கார்ட் அதை வாங்க மறுத்தார். இப்போது கட்டையைக் கையில் எடுக்கும்போது அவர் முகத்தைப் பாருங்கள். மொழியைப் பற்றி டிவியில் இதைவிட நல்ல எபிசோட் வந்ததில்லை என்பேன்.

கல்லணை எழுதியது:

காட்சி அழகு, மறுக்கவில்லை. ஆனால் அது மொழி ஆகாது. டமாரியன்கள் விண்கலம் ஓட்டுகிறார்கள். இயந்திர அறையில் ஒருவர் இன்னொருவரிடம் “மூன்றாம் நம்பர் திருகாணியைக் கால் சுற்று தளர்த்து” என்று எப்படிச் சொல்வார்? அதற்கும் ஒரு பழங்கதை வேண்டுமா?

இன்னொன்று. “சுவர்கள் விழுந்தபோது” என்கிறார்கள். சுவர், விழு, பன்மை, இறந்தகாலம் எல்லாம் அவர்களிடம் இருக்கிறது. இவ்வளவும் வைத்திருக்கிற இனம் “தோற்றுவிட்டோம்” என்று நேராகச் சொல்லாதா? ஷாக்காவின் கதையைக் குழந்தைக்கு முதல் தடவை சொல்லும்போது எந்த மொழியில் சொல்வார்கள்? கதை தெரிந்தால்தான் மொழி புரியும், மொழி புரிந்தால்தான் கதை தெரியும். செக்கு மாடுபோல அங்கேயே சுற்ற வேண்டியதுதான்.

மழைக்காலம் எழுதியது:

கல்லணை அண்ணா, குறை டமாரியன்களிடம் இல்லை, அந்தக் கருவியிடம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அது சொல்லைப் பிய்த்துப் பிய்த்துப் பார்க்கிறது. நம் பேச்சை அதனிடம் கொடுத்துப் பாருங்கள். “அவன் எனக்கு அல்வா கொடுத்துவிட்டான்” என்றால் இனிப்புக் கொடுத்ததாகச் சொல்லும். “கைகழுவிவிட்டான்” என்றால் சோப்புப் போட்டதாக நினைக்கும். “திரிசங்கு சொர்க்கம்” வந்தால் கதை தெரியாமல் விழிக்கும். நாம் இதைப் பேசும்போது திரிசங்கு மன்னனை நினைக்கிறோமா? இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டதைத்தான் நினைக்கிறோம். டமாரியனுக்கும் ‘ஷாக்கா’ அப்படி ஒரே சொல்லாக இறுகிப் போயிருக்கலாம். நமக்குத்தான் சுவர் தனியாக, விழுதல் தனியாகக் காதில் விழுகிறது.

திருகாணிக்கும் அப்படி ஒரு கதையின் பெயர் இருந்துவிட்டுப் போகட்டுமே.

கல்லணை எழுதியது:

நல்ல வாதம்தான். ஆனால் எனக்குத் திரிசங்கு புரிவதற்கு என் பாட்டி சாதாரணத் தமிழில் கதை சொன்னார். டமாரியப் பாட்டி என்ன செய்வார்? அதைத்தான் கேட்கிறேன்.

பழைய ரேடியோ எழுதியது:

நான் கல்லணை பக்கம். மொழி என்று சொன்னால் உட்கார்ந்து கற்றுக்கொள்ள முடிய வேண்டும். ஸ்டார் ட்ரெக்கில் வரும் போர்வீர இனத்தின் மொழியான க்ளிங்கானை எடுத்துக்கொள்ளுங்கள். அதை உருவாக்கிய மார்க் ஒக்ராண்ட் மொழியியல் படித்தவர். முட்சுன் என்ற கலிஃபோர்னியப் பழங்குடி மொழியின் இலக்கணத்தை ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கியவர். 1984இல் வந்த மூன்றாவது ஸ்டார் ட்ரெக் படத்துக்காக க்ளிங்கானை முறையான மொழியாக வளர்த்தார். 1985இல் அகராதியே வந்துவிட்டது.

வேற்றுலக மொழியாகத் தெரிய வேண்டும் என்று உலகில் அபூர்வமான சொல் வரிசையைத் தேர்ந்தெடுத்தார்: முதலில் செயப்படுபொருள், பிறகு வினை, கடைசியில் எழுவாய். “எலியைப் பிடித்தது பூனை” என்பதுதான் அவர்களுக்கு இயல்பான வாக்கியம். நமக்கு அது புதிதே இல்லை. வேற்றுமை உருபு இருப்பதால் தமிழில் எப்படி மாற்றிப் போட்டாலும் யார் யாரைப் பிடித்தார் என்பது குழம்பாது. அவர்களின் ‘ட’ ஒலி ‘வண்டி’யில் வருகிற நம் ட மாதிரி நாக்கை மடித்துச் சொல்வது. வினையோடு விகுதிகளை அடுக்கிக்கொண்டே போவார்கள். ‘சொல்லிக்கொண்டிருந்திருப்பான்’ என்று சொல்லிப் பழகிய நமக்கு அதுவும் சுலபம். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் தடுமாறும் இடங்களை நாம் சும்மா நடந்து கடக்கலாம். நான் இரண்டு வருடமாகக் கற்கிறேன், சந்தோஷமாக இருக்கிறது.

பிடித்த கதை ஒன்று. 1991இல் வந்த ஆறாவது படத்தில் ஹேம்லெட்டின் “இருப்பதா, இல்லாமல் போவதா” வரியை க்ளிங்கானில் சொல்ல வேண்டும். ஆனால் ‘இரு’ என்ற வினையே வேண்டாம் என்று ஒக்ராண்ட் விட்டுவிட்டிருந்தார். “வாழ்வதா, வாழாதிருப்பதா” என்று முதலில் எழுதினார். நடிகர் கிறிஸ்டோபர் பிளம்மருக்கு அந்தச் சொல்லின் ஓசை பிடிக்கவில்லை. பிறகு ‘தொடர்வதா, தொடராதிருப்பதா’ என்று பொருள் தரும் சொல்லைக் கொண்டுவந்தார். போர்வீரன் வாய்க்கு அதுதான் பொருத்தம்.

‘தி எக்ஸ்பான்ஸ்’ என்ற விண்வெளித் தொடரில் சிறுகோள் பட்டையில் வாழ்பவர்கள் பேசும் பெல்ட்டர் மொழியும் எனக்கு அதே அளவு பிடிக்கும். தொடருக்காக அதை உருவாக்கியவர் நிக் ஃபார்மர். பல நாட்டுத் தொழிலாளிகள் ஒரே இடத்தில் வேலை பார்த்தால் எப்படி ஒரு கலப்பு மொழி பிறக்குமோ அப்படிப் பிறந்த மொழி அது. விண்வெளி உடைக்குள் முகம் சரியாகத் தெரியாது என்பதால் தலையாட்டலுக்குப் பதில் கை அசைவு. வேலை எப்படியோ பேச்சும் அப்படி. டமாரியனில் இந்த நியாயம் எங்கே?

நிலாச்சோறு எழுதியது:

க்ளிங்கானும் பெல்ட்டரும் எனக்கும் பிடிக்கும், ரேடியோ அண்ணா. ஆனால் அவற்றில் ஒரு மொழி எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கிறேன். ‘டார்மோக்’கில் புரியாமை எப்படி இருக்கும் என்று பார்க்கிறேன். இரண்டாவதை யாரும் அவ்வளவு தைரியமாகக் காட்டியதில்லை.

கல்லணை அண்ணாவின் பாட்டிக் கேள்விக்கு வருகிறேன். டெம்பா யார்? அரசனா, வியாபாரியா, எதற்காகக் கைகளை விரித்தான்? எபிசோட் கடைசி வரை சொல்வதே இல்லை. ஆனாலும் பார்த்த எல்லோருக்கும் அதன் பொருள் தெரியும்: “இந்தா, வாங்கிக்கொள்”. கட்டை கைமாறியது, தெரிந்துவிட்டது. என் தம்பிக்குப் பத்து வயது. இன்று காலை இட்லித் தட்டை என் பக்கம் தள்ளிக்கொண்டே “டெம்பா” என்றான். கதை கேட்டு அவன் கற்கவில்லை, தீயைப் பார்த்துக் கற்றான். டமாரியப் பாட்டியும் பேரன் கையில் எதையாவது வைத்துவிட்டுத்தான் சொல்லியிருப்பார். கதை பிற்பாடு வந்திருக்கும்.

அப்புறம் கடைசிக் காட்சி. டேதன் இறந்துபோன பிறகு பிக்கார்ட் கப்பலுக்குத் திரும்பி, டமாரியன் துணை அதிகாரியிடம் அவர்கள் முறையிலேயே நடந்ததைச் சொல்கிறார். அந்த அதிகாரி ஒரு கணம் நின்று, “எல்-அட்ரலில் பிக்கார்டும் டேதனும்” என்கிறார். நம் கண் முன்னால் ஒரு புதுச் சொல் பிறக்கிறது! இனி எங்கேயாவது இரண்டு அந்நியர்கள் உயிரைப் பணயம் வைத்து நட்பாகும்போது டமாரியன்கள் அதைத்தான் சொல்வார்கள். எனக்கு ஒவ்வொரு முறையும் அங்கே கண் கலங்கும்.

மழைக்காலம் எழுதியது:

அதற்கு முன் பிக்கார்ட், சாகக் கிடக்கிற டேதனுக்குப் பூமியின் பழங்காலக் காவியமான கில்காமெஷ் கதையைச் சொல்வாரே, அதை விட்டுவிட்டீர்களே! நண்பன் எங்கிடு இறந்ததற்காகக் கில்காமெஷ் அழுததைச் சொல்லும்போது டேதனுக்கு எத்தனை சொல் புரிந்திருக்கும்? ஆனாலும் விடாமல் கேட்கிறார். டேதனாக வரும் பால் வின்ஃபீல்ட் முகம் முழுக்க அவ்வளவு ஒப்பனைக்குள்ளிருந்து கண்ணாலேயே நடித்திருப்பார்.

கல்லணை எழுதியது:

தீக்கட்டை விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன், நிலா. டெம்பா யாரென்று சொல்லவே இல்லை என்பதை நான் கவனிக்கவில்லை. குழந்தை எப்படிக் கற்கும் என்ற என் கேள்விக்கு அது போதும்.

திருகாணியை விடமாட்டேன். துல்லியம் வேண்டிய இடத்தில் டமாரியன் கைவிடும்.

என் பிடித்த இடத்தையும் சொல்கிறேன். 1967, முதல் ஸ்டார் ட்ரெக் தொடரின் ‘தி டெவில் இன் தி டார்க்’ எபிசோட். சுரங்கத்தில் ஹோர்ட்டா என்ற பாறை உயிரினம் ஆட்களைக் கொல்கிறது. உண்மையில் அது ஒரு தாய். சுரங்கத் தொழிலாளிகள் விவரம் தெரியாமல் அதன் முட்டைகளை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். பிறர் மனதோடு மனம் இணைக்கத் தெரிந்த கப்பல் அதிகாரி ஸ்போக்கின் மனதைத் தொட்ட பிறகு அது பாறையில் மூன்று சொற்களைப் பொசுக்கி எழுதுகிறது. தமிழில் சொன்னால் “கொலை இல்லை நான்”. “என்னைக் கொல்லாதே” என்கிறதா, “நான் கொல்லமாட்டேன்” என்கிறதா? கேப்டன் கிர்க் அதையேதான் கேட்கிறார். கதை வேண்டாம், உவமை வேண்டாம். மூன்று சாதாரணச் சொல், அதிலேயே கெஞ்சலும் வாக்குறுதியும் இருக்கிறது. வேற்றுமை உருபு மட்டும் கிடைத்திருந்தால் குழப்பம் தீர்ந்திருக்கும், ரேடியோ!

பழைய ரேடியோ எழுதியது:

தீர்ந்திருக்கும், ஆனால் காட்சி போயிருக்கும். இரண்டையும் சேர்த்துச் சொல்வதற்காகவே அது உருபில்லாமல் எழுதியது என்பேன். அதற்கு முட்டைகளும் முக்கியம், எதிரே நிற்பவர் உயிரும் முக்கியம்.

நிலாச்சோறு எழுதியது:

அப்படியானால் சனிக்கிழமை தம்பிக்கு ஹோர்ட்டா. அவன் எந்தப் பொருளை முதலில் சொல்கிறான் என்று இங்கேயே வந்து எழுதுகிறேன்.