1500 மீட்டர் 7 நிமிஷத்துக்குள்ள வரல, பின்தொடை வேற பிடிச்சுக்கிச்சு. வார்ம் அப் எப்படி பண்றது? (போலீஸ் பிசிக்கல்)

காக்கி கனவு

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டாம் நிலை காவலர் எழுத்துத் தேர்வு பாஸ் பண்ணிட்டேன், பிசிக்கலுக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கு. 1500 மீட்டர் 7 நிமிஷத்துல முடிக்கணும், எனக்கு 7:20 தான் வருது. போன தடவை இதே ஓட்டத்துல 9 செகண்ட்ல போச்சு, அதனால இந்த தடவை விடவே கூடாதுன்னு தினமும் காலைல 5 மணிக்கு பக்கத்து காலேஜ் கிரவுண்டுக்குப் போய் முழு 1500-ஐயும் ஸ்டாப்வாட்ச் வச்சு ஓடறேன். நேத்து ஒவ்வொரு ரவுண்டையும் குறிச்சேன், முதல் 400 மீட்டர் 1:32, ரெண்டாவது 1:58, மூணாவது 2:10, கடைசி 300 மீட்டர் 1:40. ரெண்டாவது ரவுண்டுலயே மூச்சு வாங்கி நெஞ்சு அடைக்கிற மாதிரி ஆயிடுது.

வார்ம் அப்னா நான் பண்றது, போனதும் தரையில உக்காந்து காலை நீட்டி கட்டைவிரலைப் பிடிச்சுக்கிட்டு ஒவ்வொரு காலுக்கும் ரெண்டு நிமிஷம், அப்புறம் தொடை, இடுப்பு, எல்லாம் சேத்து ஒரு கால் மணி நேரம், உடனே எந்திரிச்சு ஓட்டம். போன வாரம் 100 மீட்டர் ஓடறப்ப 60 மீட்டர் தாண்டினதும் வலது பின்தொடையில சுருக்குனு பிடிச்சுது. நல்லா ஸ்ட்ரெச் பண்ணிட்டுதானே ஓடினேன், அப்புறம் ஏன்? கூட ஓடற பையன் வார்ம் அப்பே வேணாம்டா தெம்பு வீணாப் போகும்ங்கறான். தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

பழைய பி.டி. வாத்தியார்

தம்பி, உன் ரவுண்டு கணக்கைப் பாத்ததுமே பாதி விஷயம் தெரிஞ்சு போச்சு. 7 நிமிஷத்துல 1500-னா ஒரு 400-க்கு 1 நிமிஷம் 52 செகண்ட். நீ முதல் ரவுண்டை 1:32-ல ஓடற, அதாவது தேவைக்கு மேல 20 செகண்ட் வேகம். அதுவும் உடம்பு சூடே ஏறாம. உக்காந்தே இருந்த உடம்பு திடீர்னு ஓட ஆரம்பிச்சா, தசைக்கு வேணும்ங்கற ஆக்சிஜனை நெஞ்சும் நுரையீரலும் கொண்டு போய்ச் சேக்க ஒண்ணு ரெண்டு நிமிஷம் பிடிக்கும், அதுவரைக்கும் உடம்பு கடன் வாங்கித்தான் ஓடும், அந்தக் கடனைத்தான் நீ ரெண்டாவது ரவுண்டுல வட்டியோட கட்டற. முன்னாடியே ஒரு எட்டு நிமிஷம் மெதுவா ஜாக் பண்ணி வேர்வை துளிர்க்கிற அளவு சூடு ஏத்தி வச்சிருந்தா, ஆரம்பத்துலயே மூச்சு வழிக்கு வந்துரும்.

உக்காந்து இழுக்கறது வார்ம் அப் இல்லப்பா. முப்பது வருஷம் பசங்களை கிரவுண்டுல நிக்க வச்சவன் சொல்றேன், நானே ஆரம்பத்துல பத்து பன்னெண்டு வருஷம் எல்லாரையும் வட்டமா உக்கார வச்சு கால்விரலைத் தொட வச்சவன்தான், அப்பல்லாம் அதுதான் முறைன்னு நம்பினோம். ஒரே தசையை ஒரு நிமிஷத்துக்கு மேல அசையாம இழுத்துப் பிடிச்சா, கொஞ்ச நேரத்துக்கு அந்தத் தசை சட்டுனு வேகம் எடுக்கற சக்தி குறையும். நீ ரெண்டு நிமிஷம் இழுத்துட்டு நேரா 100 மீட்டருக்குப் போற.

இப்படிப் பண்ணு. முதல்ல மெதுவா ஜாக், பக்கத்துல ஆள் இருந்தா பேசிக்கிட்டே ஓடற வேகம், ரெண்டு ரவுண்டு மூணு ரவுண்டு. அப்புறம் நடந்துக்கிட்டே அசைவு, ஒரு கம்பியைப் பிடிச்சு காலை முன்னும் பின்னும் ஊஞ்சல் மாதிரி ஆட்டறது பத்து தடவை, பக்கவாட்டுல பத்து தடவை, நீளமா எட்டு வச்சு முட்டி மடக்கி நடக்கறது 20 மீட்டர், முட்டியை இடுப்பு வரைக்கும் தூக்கி ஓடறது 20 மீட்டர், குதிகால் பின்னாடி தட்டற மாதிரி ஓடறது 20 மீட்டர், கொஞ்சம் ஸ்கிப்பிங். கடைசியாதான் முக்கியமானது, இதைத்தான் நம்ம பசங்க எல்லாம் விட்டுடறாங்க: 60 மீட்டர் ஸ்ட்ரைட்ஸ் நாலு, அதாவது வேகத்தைப் படிப்படியா ஏத்தற சின்ன ஓட்டம். முதலாவது பாதி வேகத்துல, அடுத்தது கொஞ்சம் கூட, நாலாவது கிட்டத்தட்ட முழு வேகம். ஒவ்வொண்ணுக்கும் நடந்தே திரும்பி வா. உடம்பு வேகத்தைப் பாத்த பிறகுதான் வேகம் கேக்கணும். மொத்தம் இருபது நிமிஷம். தெம்பு வீணாப் போகும்னு சொன்ன பையனையும் ஒரு வாரம் கூட்டிட்டுப் போய் இதைப் பண்ண வை, அவனே பாத்துப்பான்.

இன்னொண்ணு, தினமும் முழு 1500-ஐ டைம் பாத்து ஓடாத. தினமும் பரீட்சை எழுதினா படிக்கறது எப்போ?

ஓட்டம் மட்டும்

சார் சொன்னது நூத்துக்கு நூறு. ஸ்டாட்டிக் ஸ்ட்ரெச்சிங், அதான் அசையாம இழுத்துப் பிடிக்கறது, ஓட்டத்துக்கு விஷம், பண்ணவே கூடாது ப்ரோ, நான் விட்டு ரெண்டு வருஷம் ஆச்சு.

பிசியோ அக்கா

விஷம்னு எல்லாம் சொல்ல வேணாம் தம்பி. ஒரு தசைக்கு 20, 30 செகண்ட் இழுத்துட்டு அதுக்கப்புறம் அசைவுப் பயிற்சியும் ஸ்ட்ரைட்ஸும் பண்ணினா வேகம் ஒண்ணும் பெருசா குறையாது. ரொம்ப நேரம் இழுத்துட்டு உடனே ஸ்பிரிண்ட் அடிக்கறதுதான் பிரச்சனை. சாயங்காலம் வீட்ல, இல்ல பயிற்சி முடிச்சு எல்லாம் தாராளமா பண்ணலாம்.

காக்கி கனவு தம்பி, உங்க பின்தொடையைப் பத்திதான் எனக்குக் கவலை. ஸ்பிரிண்ட்ல கால் முன்னாடி வீசி தரையைத் தொடப் போற அந்த நொடியில பின்தொடைத் தசை நீண்டுக்கிட்டே காலுக்கு பிரேக்கும் போடணும், அங்கதான் முக்கால்வாசி பேருக்கு கிழியுது. நீங்க 60 மீட்டர்ல முழு வேகம் எடுத்த இடத்துல பிடிச்சதும் அதனாலதான். தொடைக்குப் பின்னாடி கருநீலமா ரத்தம் கட்டியிருக்கா, நடக்கறப்ப நொண்டறீங்களா, கை வச்சுப் பாத்தா குழி மாதிரி தெரியுதா? இதுல ஒண்ணு இருந்தாலும் இங்க கேட்டுக்கிட்டு இருக்காம டாக்டரைப் பாருங்க. எண்ணெய் போட்டு அழுத்தி நீவி விட்டீங்களா? பிடிச்ச முதல் ரெண்டு மூணு நாள் அதுவும் வெந்நீர் ஒத்தடமும் வேணவே வேணாம், உள்ள கசிவு கூடும்.

அதெல்லாம் இல்லைன்னா மல்லாக்கப் படுத்து, வலது முட்டியை மடக்கி, அந்த ஒரு காலை மட்டும் ஊணி இடுப்பைத் தூக்குங்க. இடது காலுக்கு எத்தனை வருதோ அத்தனை வலது காலுக்கும் வலியில்லாம வரணும். வர்ற வரைக்கும் ஸ்பிரிண்ட் கிடையாது, மெதுவான ஜாக் மட்டும், வலிச்சா அதையும் நிறுத்துங்க. வந்த பிறகு பாதி வேகத்துல ஆரம்பிச்சு ரெண்டு நாளைக்கு ஒருக்கா கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க. அப்புறம் நார்டிக்னு பின்தொடைக்கு ஒரு பயிற்சி இருக்கு, அதைச் சேருங்க. முட்டி போட்டு நில்லுங்க, பின்னாடி ஒருத்தர் ரெண்டு கணுக்காலையும் அழுத்திப் பிடிக்கட்டும், முட்டியில இருந்து தலை வரைக்கும் ஒரே கோடா வச்சுக்கிட்டு முடிஞ்ச அளவு மெதுவா முன்னாடி சாயுங்க, தாங்க முடியாதப்ப கையை ஊணி விழுங்க. ஆரம்பத்துல அஞ்சு, ரெண்டு செட், வாரத்துக்கு ஒரு நாள் போதும், அப்புறம் ரெண்டு நாள். முதல் தடவை பண்ணினா ரெண்டு நாள் தொடை நோகும், பயப்படாதீங்க. கால்பந்து ஆடறவங்களை வச்சுப் பண்ணின ஆய்வுகள்ல இது சேத்த டீம்கள்ல பின்தொடைக் காயம் பாதிக்குப் பாதி குறைஞ்சிருக்கு, காசே செலவில்லாத பயிற்சி.

2022 பேட்ச்

நான் போலீஸ்ல சேந்துட்டேன், அதனால கிரவுண்டுல நடக்கறதை சொல்றேன், இதை யாரும் முன்கூட்டியே சொல்ல மாட்டாங்க. விடியக்காலைல வரச் சொல்வாங்க, சர்டிபிகேட் பாக்கறது, உயரம் மார்பு அளக்கறது எல்லாம் முடிஞ்சு பேட்ச் பேட்ச்சா ஓட விடறதுக்குள்ள மணி எட்டோ ஒன்பதோ ஆயிடும், வெயில் ஏறிடும். பசங்க உள்ள வந்ததுமே ஆர்வத்துல குதிச்சு ஓடி வார்ம் அப் முடிச்சிடறாங்க, அப்புறம் ஒன்றரை மணி நேரம் வரிசையில உக்காந்தே இருப்பாங்க, சூடு மொத்தமும் போயிடும். உங்களுக்கு முன்னாடி ரெண்டு பேட்ச் இருக்கறப்ப ஆரம்பிங்க. வரிசையை விட்டுப் போக விட மாட்டாங்கன்னா நின்ன இடத்துலயே ஜாக், முட்டி தூக்கல், குதிகால் தட்டல், அரை உட்கார்தல் பத்து, சின்னச் சின்ன குதி, இது போதும். வெயில் ஏறிட்டா வார்ம் அப் பத்து நிமிஷத்துக்கு மேல வேணாம், நிழல்ல நில்லுங்க, தண்ணி ஒரேயடியா குடிக்காம மடக்கு மடக்கா குடிங்க.

ஓடற வேகத்தைப் பத்தி சொல்லணும்னா, விசில் அடிச்சதும் எல்லாரும் பாய்வாங்க, நீங்க பாயாதீங்க. 1:48-க்கு ஒரு ரவுண்டு ஓடினாலே 6:45-ல முடியும். எனக்கு முன்னாடி முதல் ரவுண்டுல பறந்த ஏழெட்டு பேரை மூணாவது ரவுண்டுல தாண்டினேன், அவங்க முகம் இன்னும் நினைவுல இருக்கு, பாவமா இருந்துச்சு.

பழைய பி.டி. வாத்தியார்

இவர் சொன்னதைப் பிரிண்ட் எடுத்து வச்சுக்கப்பா. வாரத்துக்கு இப்படி வச்சுக்க, செவ்வாய் 400 மீட்டர் ஆறு தடவை, ஒவ்வொண்ணும் 1:45, நடுவுல ரெண்டு நிமிஷம் நடை. ஆறாவதும் முதலாவது மாதிரியே வரணும், வரலைன்னா நீ முதல்ல வேகமா ஓடிட்டன்னு அர்த்தம். வெள்ளி 800 ரெண்டு, நடுவுல அஞ்சு நிமிஷம். ஞாயிறு அஞ்சாறு கிலோமீட்டர் மெதுவா. மத்த நாள்ல கயிறு, லாங் ஜம்ப் டெக்னிக், ஒரு நாள் முழு ஓய்வு. கயிறு ஏறறதுக்கு முன்னாடியும் தோளைச் சுத்தி, தொங்கி, முன்கையைச் சூடு பண்ணிட்டு ஏறு. முழு 1500 ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை போதும்.

காக்கி கனவு

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, 17 நாள் கழிச்சு வந்து எழுதறேன். அக்கா, ரத்தக்கட்டு இல்ல, இடுப்பு தூக்கறதுல முதல்ல வலது காலுக்கு நாலுதான் வந்துச்சு, இப்ப ரெண்டு காலுக்கும் பதினஞ்சு வருது. அம்மா எண்ணெய் போட்டு நீவத்தான் செஞ்சாங்க, நீங்க சொன்னதும் நிறுத்திட்டேன். சார், இன்னைக்கு முழு வார்ம் அப் பண்ணிட்டு 1500 ஓடினேன். 1:46, 1:52, 1:54, கடைசி 300 மீட்டர் 1:20. மொத்தம் 6:52. மூணு தடவை வாட்சைப் பாத்தேன். ரெண்டாவது ரவுண்டுல நெஞ்சு அடைக்கவே இல்ல. வியாழக்கிழமை 100 மீட்டர் முழு வேகத்துல ஓடிப் பாக்கலாமா? 13.5 செகண்டுக்குள்ள வந்தா பிசிக்கல்ல ரெண்டு ஸ்டார், மார்க் கூட வரும்.

பிசியோ அக்கா

ரொம்ப சந்தோஷம் தம்பி! ஆனா வியாழக்கிழமை முழு வேகம் வேணாம். முக்கால் வேகத்துல 60 மீட்டர் நாலு ஓடுங்க, மறுநாள் காலைல எந்திரிச்சதும் பின்தொடையை இழுத்துப் பாருங்க, இறுக்கம் இல்லைன்னா அடுத்த வாரம் 100-க்குப் போகலாம்.

பழைய பி.டி. வாத்தியார்

6:52! கண்ணு கலங்கிடுச்சுப்பா. அக்கா சொல்றதைக் கேளு. முதல் ரவுண்டு 1:46 இன்னும் கொஞ்சம் வேகம்தான், செவ்வாய்க்கிழமை 1:48-ல பிடிச்சு ஓடிப் பாரு.