முதல் டாட்டூ: மெடூசாவா இகாரஸா? யோசனை சொல்லுங்க

நித்திலா:
எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா டாட்டூ ஆசை, இப்ப சம்பாதிக்க ஆரம்பிச்சாச்சு, "பளிச்சுனு தெரியாத எடமா பாத்து போட்டுக்கோ"ன்னு அம்மாவும் ஒரு வழியா ஒத்துக்கிட்டாங்க. ஸ்கூல் படிக்கிறப்பலேர்ந்து கிரேக்க புராணக் கதைன்னா உயிர், அதனால வேற எதுவும் போட மனசு வரல. பாம்பு முடி உள்ள மெடூசா தலையா, இல்ல ரெக்கை கட்டி பறந்து கடல்ல விழற இகாரஸான்னு குழப்பம். முன்கை உள்பக்கம், ரெண்டு இன்ச்சுக்குள்ள, ஃபைன் லைன்ல, அதாவது மெல்லிசு கோட்டுல யோசிச்சிருக்கேன். பாலியல் வன்முறையிலேர்ந்து மீண்டவங்கதான் மெடூசா போடுவாங்கன்னு ஒரு ரீல்ல பாத்தேன், எனக்கு அப்படி எதுவும் நடக்கல, நான் போட்டா தப்பா? அப்புறம் நான் கொஞ்சம் கருப்பு, ஃபைன் லைன் எடுப்பா தெரியுமா?

ஏட்டுச்சுவடி:
தப்பெல்லாம் இல்லம்மா, ஆனா எந்த மெடூசான்னு முடிவு பண்ணிட்டு போடுங்க. பழைய கிரேக்க கவி ஹெசியட் சொல்றதுல கோர்கன்னு மூணு அக்கா தங்கச்சி, அதுல இவ ஒருத்திக்குத்தான் சாவு உண்டு. கிட்டத்தட்ட 700 வருஷம் கழிச்சு ரோமாபுரில ஓவிட்ங்கற கவி எழுதினதுல அவ அழகான பொண்ணு, கடல் தெய்வம் அவள ஒரு கோயிலுக்குள்ள வச்சே கெடுக்குது, தண்டனை மட்டும் அவ தலையில விழுது, முடி பாம்பாகுது. இன்னிக்கு மீண்டு வந்தவங்க போட்டுக்கறது இந்த மெடூசாவ. அவங்களுக்கு அது ரொம்ப பெரிய விஷயம், அத மதிச்சு போட்டா யாரும் கோச்சுக்க மாட்டாங்க, ஆனா பாக்கறவங்க கேப்பாங்க, அதுக்கு தயாரா இருங்க.

இன்னொண்ணு இருக்கு, எனக்கு ரொம்ப பிடிச்சது. பழைய கிரேக்க மெடூசா அழகியே கிடையாது, உருண்ட மூஞ்சி, முழிச்ச கண்ணு, வெளிய தொங்கற நாக்கு, நம்ம ஊர்ல புது வீட்டுக்கு கட்டற திருஷ்டி பொம்மை மாதிரியே. வேலையும் அதேதான், கெட்டத விரட்டறது. கி.மு. 580 வாக்குல கட்டின கோர்ஃபு தீவு ஆர்ட்டெமிஸ் கோயில் முகப்புல இடுப்புல பாம்ப முடிச்சு போட்டு கட்டிக்கிட்டு இருப்பா. கேடயத்துல வரைஞ்சாங்க, ஒயின் கிண்ணத்தோட உள் அடியில கூட வரைஞ்சாங்க, குடிச்சு முடிக்கறப்ப அந்த மூஞ்சி நம்மள பாக்கும். கோடு கம்மி, டாட்டூவுக்கு அம்சமா இருக்கும்.

ஊசிமுனை:
நான் டாட்டூ போடறதே தொழில், அதனால நேரா சொல்லிடறேன், ரெண்டு இன்ச்ல மெடூசா முகம் வேண்டாம். ஒவ்வொரு பாம்புக்கும் ரெண்டு பக்கம் கோடு, செதில், கண்ணு, அதுக்குள்ள மூக்கு உதடு ஷேடிங்னு எல்லாத்தையும் நெருக்கினா போட்ட அன்னிக்கு போட்டோல சூப்பரா இருக்கும், வருஷம் போகப் போக இங்க் தோலுக்குள்ள பரவி நடுவுல விட்ட இடைவெளியெல்லாம் அடைச்சுக்கும். அந்த டீடெயில் வேணும்னா நாலஞ்சு இன்ச்சாவது வேணும். சின்னதுதான் வேணும்னா மேல சொன்ன பழைய மூஞ்சி மாதிரி எளிமையா போங்க.

கருப்பு தோல்ல கருப்பு இங்க் அருமையா நிக்கும், கோடு மட்டும் ரொம்ப மெல்லிசா வேண்டாம். வெள்ளை ஹைலைட், வெளிர் மஞ்சள் எடுபடாது, உங்க தோல் நிறத்தையே வெளிச்சமா விட்டு போடத் தெரிஞ்சவர்கிட்ட போங்க, நம்ம கலர் தோல்ல அவர் போட்டு ஆறின டாட்டூ போட்டோ கேளுங்க, புதுசா போட்டதோட போட்டோ வேண்டாம். காது குத்தின எடமோ பழைய காயமோ மேடா தடிச்சு வளர்ந்திருக்கா? இருந்தா முதல்ல தோல் டாக்டர பாருங்க, கீலாய்டு வர்ற உடம்புக்கு டாட்டூ ரிஸ்க்.

தென்காற்று:
என் ஓட்டு இகாரஸுக்கு. எல்லாரும் பெருசா சூரியன், எரியற இறகுன்னு போடறாங்க, அதுல அரைவாசி கதைதான் இருக்கு. மெழுகுல இறகு ஒட்டி ரெக்கை செஞ்சு குடுத்த அப்பா டெடாலஸ் சொன்னது ரெண்டு விஷயம், மேல போனா வெயில்ல மெழுகு உருகும், கீழ போனா கடல் ஈரத்துல இறகு கனத்துடும், நடுவுல பற. கீழ பறக்கறதும் ஆபத்துங்கறத யாரும் டாட்டூல கொண்டு வர்றதில்ல.

ப்ரூகல்ங்கற ஓவியர் வரைஞ்சதா சொல்ற ஒரு ஓவியம் ப்ரஸல்ஸ் மியூசியத்துல இருக்கு, பாருங்க. முன்னாடி ஒருத்தன் ஏர் ஓட்டிட்டு இருப்பான், ஆடு மேய்க்கறவன் எங்கயோ பாத்துட்டு நிப்பான், இகாரஸ் எங்கன்னு தேடினா கீழ வலது பக்கம் கப்பல் பக்கத்துல தண்ணிக்கு மேல ரெண்டு கால் மட்டும் தெரியும். அந்த ரெண்டு கால், கொஞ்சம் அலை, மிதக்கற நாலு இறகு. ரெண்டு இன்ச்ல அடங்கும், தெரிஞ்சவங்களுக்கு பாத்ததும் புரியும், தெரியாதவங்க கேட்டா சொல்ல ஒரு கதை இருக்கு.

நித்திலா:
தென்காற்று, இப்பதான் அந்த ஓவியத்த தேடிப் பாத்தேன், கால கண்டுபிடிக்கவே நேரமாச்சு. ஒரு பையன் சாகறான், சுத்தி யாரும் திரும்பிக்கூட பாக்கல. இதான் எனக்கு வேணும். மெடூசா மேல உள்ள ஆசை போகல, ஆனா அவள சின்னதா நெருக்க மனசு வரல, பின்னாடி பெருசா பாத்துக்கலாம். ஊசிமுனை அண்ணா, மணிக்கட்டுக்கு பக்கத்துலயே போடலாமா?

ஊசிமுனை:
மடிப்பு ரேகை மேல வேண்டாம், அங்க சீக்கிரம் மங்கும், ரெண்டு விரக்கடை தள்ளி மேல போடுங்க. அதே சைஸுக்கு பேப்பர்ல பிரிண்ட் எடுத்து கைல ஒட்டி ஒரு வாரம் பாருங்க. ஊசி உறைய உங்க கண்ணு முன்னாடி பிரிக்க சொல்லுங்க. ஆறற வரைக்கும், ரெண்டு மூணு வாரம், நீச்சல், நேர் வெயில் ரெண்டும் கூடாது, பொருக்கு அரிச்சாலும் பிய்க்காதீங்க. ரத்த தானம் குடுக்கற பழக்கம் இருந்தா முன்னாடியே குடுத்துடுங்க, டாட்டூக்கு அப்புறம் இங்க 12 மாசம் எடுத்துக்க மாட்டாங்க. அன்னிக்கு நல்லா சாப்ட்டு போங்க, வெறும் வயித்தோட வந்து மயங்கறவங்கதான் அதிகம்.