'லுக்கிங் ஃபார்வர்ட் டு': அடுத்து ஹியரா, ஹியரிங்கா?

பனியன்_ஊர்க்காரன்:
ஜெர்மனி பையருக்கு லேப் டிப் (நிறம் சரியா என்று பார்க்கச் சாயம் போட்ட துணி மாதிரி) அனுப்பிவிட்டு, மெயில் கடைசியில் 'லுக்கிங் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ' என்று போட்டேன். மேனேஜர் அதை 'ஹியரிங்' என்று திருத்திவிட்டார். 'டு' வந்தால் பின்னால் கோ, கம், ஹியர் என்று மொட்டையாகத்தானே வரும்? யார் சொல்வது சரி?

குமார்_77:
மேனேஜர்தான் சரி. காரணமெல்லாம் தேடாதீங்க பாஸ், மனப்பாடம் பண்ணிக்குங்க.

ஸ்டெனோ_அக்கா:
காரணம் இருக்கிறது தம்பி. 'ஐ வான்ட் டு ஹியர்' என்பதில் உள்ள 'டு' வினையோடு போவது. 'ஐ வென்ட் டு மதுரை' என்பதில் உள்ளது நம் 'கு' உருபு மாதிரி, பெயர்ச்சொல்லைத்தான் கேட்கும். உங்கள் வரியில் இருப்பது இந்த இரண்டாவது 'டு'. சந்தேகமென்றால் பின்னால் 'யுவர் ரிப்ளை' என்று போட்டுப் பாருங்கள், பொருந்தும். 'வான்ட் டு யுவர் ரிப்ளை' பொருந்தாது. பெயர் வரும் இடத்தில் வினை வந்தால் 'இங்' சேர்த்துத் தொழிற்பெயராக்க வேண்டும். தமிழிலும் 'கேட்பதற்கு' என்றுதானே சொல்கிறோம்?

'யூஸ்டு டு' மட்டும் வம்பு பிடித்தது. 'ஐ யூஸ்டு டு டைப்' என்றால் முன்பு டைப் அடித்துக்கொண்டிருந்தேன். 'ஐ ஆம் யூஸ்டு டு டைப்பிங்' என்றால் அது எனக்குப் பழக்கம்.

இன்னொன்று. 'லுக்கிங்' என்று எழுவாயே இல்லாமல் தொடங்குவது எனக்குப் பிடிப்பதில்லை. நான் ஷார்ட்ஹேண்ட் எடுத்த காலத்தில் அந்த வரிக்குப் பின்னால் 'வி ரிமெய்ன்' என்று வரும், அதன் கீழே 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி'. வாக்கியம் அங்கேதான் முடியும். இப்போது வாலை வெட்டிவிட்டு முன்பாதியை மட்டும் அனுப்புகிறார்கள். புது பையர் என்றால் 'ஐ லுக் ஃபார்வர்ட் டு' என்றே தொடங்குங்கள். பழகியவர் என்றால் 'ஐ ஆம் லுக்கிங்' போதும்.

பனியன்_ஊர்க்காரன்:
நன்றி அக்கா. அப்போ 'லுக் ஃபார்வர்ட் டு ரிசீவ் யுவர் அப்ரூவல்' என்பதும் தப்பா?

ஸ்டெனோ_அக்கா:
தப்புதான், 'ரிசீவிங்' என்று வர வேண்டும். அந்தச் சொல்லே வேண்டாம், 'டு யுவர் அப்ரூவல்' போதும். ஆனால் அப்ரூவல் அவசரம் என்றால் இந்த வரியை நம்பாதீர்கள். இது மரியாதைக்கு எழுதுவது, யாரும் இதைப் பார்த்து வேகமாகப் பதில் போட மாட்டார்கள். அதற்கு மேலே 'ப்ளீஸ் கன்ஃபர்ம் தி ஷேட் பை ஃப்ரைடே' என்று தனி வரியாகப் போடுங்கள்.