பழைய பிராடோ: கியர் ஒயிலும் வீல் அலைன்மென்டும்

கிளிநொச்சியில் இருக்கிறேன். 2005 டொயோட்டா பிராடோ ஜீப், ஓட்டோ கியர். கியர் மாறும்போது ஒரு குலுக்கு, ஏ9 நேர் றோட்டிலும் இடப்பக்கம் இழுக்கிறது, முன் டயர்கள் உட்பக்கம் மட்டும் தேய்ந்துவிட்டன. கராஜில் கியர் ஒயில் ஆயுளுக்கும் மாற்றத் தேவையில்லை என்கிறார்கள். உண்மையா?

பதில்: அண்ணை, அதை நம்பாதீங்கோ, எங்கட வெயிலுக்கும் புழுதிக்கும் எந்த ஒயிலும் பழுதாகும். வடிக்கும்போது பாதிகூட வெளியே வராது, மிச்சம் கொன்வேட்டரில் (எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவில் உள்ள பாகம்) நிற்கும், அதனால் சில நூறு கிலோமீற்றர் ஓடிவிட்டுத் திரும்பவும் வடித்து ஊற்றுங்கோ. டிப்ஸ்டிக் (ஒயில் மட்டம் பார்க்கும் கம்பி) இல்லாத கியர் பெட்டி என்றால் எஞ்சின் ஓட, ஒயில் 40 பாகை அளவில் இருக்கும்போது வழியும் துளையில்தான் மட்டம் பார்க்க வேண்டும். மத்தியானம் கொண்டுபோனால் சூடு தாண்டிவிடும், விடியவே போங்கோ. கைக்கு வந்த ஒயிலை ஊற்ற விடாதீங்கோ, கையேட்டில் உள்ளதுதான்.

இன்னொரு பதில்: இழுவைக்கும் டயர் தேய்வுக்கும் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைத் திருத்துவது) செய்ய முதல், முன் சக்கரத்தைத் தாங்கும் கீழ் ஆர்மின் புஷ் (றப்பர்), போல் ஜொயின்ட் (உருண்டை மூட்டு) பாருங்கோ. ஆடுகிற புஷ்ஷோடு அலைன்மென்ட் செய்தால் காசு குளத்தில்தான். எனக்கு அந்தக் கோணத்தைத் திருத்தும் கேம் போல்ட் துருவேறி இறுகி, வெட்டித்தான் எடுத்தார்கள் (நான் முல்லைத்தீவு, உப்புக்காற்று). பின்பக்கம் இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் முழு அக்சில், திருத்த ஒன்றுமில்லை, நான்கு சக்கரத்துக்குக் காசு கேட்டால் ஏன் என்று கேளுங்கோ.

சரி, முதலில் புஷ் பார்க்கிறேன்.