புதுப்பிப்பு: மால்ட் எக்ஸ்ட்ராக்ட் சிரப்பா பவுடரா?

வீட்ல பீர் காய்ச்ச மால்ட் எக்ஸ்ட்ராக்ட்டை, அதாவது முளைகட்டின பார்லில இருந்து எடுத்த இனிப்புச் சாறை, சிரப்பா வாங்கலாமா பவுடரா வாங்கலாமான்னு முன்னாடி கேட்டிருந்தேன்ல, இப்போ ரெண்டுலயும் காய்ச்சிப் பாத்தாச்சு, என் ஓட்டு பவுடருக்குத்தான்.

முக்கிய காரணம் ஃப்ரெஷ்னஸ். சிரப்ல கிட்டத்தட்ட 20% தண்ணி, அதனால வெச்சிருக்க வெச்சிருக்க நிறம் கருத்துக்கிட்டே போகும், லைட்டா ஒரு பேல் ஏல் (வெளிர் நிற பீர் வகை) வேணும்னு ஆரம்பிச்சா செம்பு கலர்ல வந்து நிக்கும், பழைய டப்பாவா இருந்தா டேஸ்ட்லயும் ஒரு மந்தம் தெரியும். பவுடர் காத்து படாம மூடி வெச்சா ரொம்ப நாள் தாங்கும். புதுசா பேக் பண்ண சிரப் கிடைச்சா தாராளமா வாங்குங்க, அது அருமையாவே இருக்கு.

மாத்தி போடறவங்களுக்கு: 1 கிலோ சிரப்புக்கு சுமாரா 800 கிராம் பவுடர் போதும். 10 லிட்டருக்கு 1 கிலோ பவுடர்னா ஒரிஜினல் கிராவிட்டி (நொதிக்கறதுக்கு முன்னாடி, தண்ணியோட ஒப்பிட்டா இருக்கற அடர்த்தி) 1.037 பக்கம் வரும்.

அப்புறம் டார்க் எக்ஸ்ட்ராக்ட் வேணாம்ங்க, அதுல என்ன தானியம் போட்டாங்கன்னே நமக்குத் தெரியாது. லைட் வாங்கி, கலருக்கு கிரிஸ்டல் மால்ட்டோ (கேரமல் ருசி வர்ற மாதிரி பதப்படுத்தின முளைகட்டின தானியம்) ரோஸ்டட் பார்லியோ (வறுத்த பார்லி) 65-70 டிகிரி தண்ணில அரை மணி நேரம் ஊறவெச்சு வடிகட்டிக்கோங்க, ருசி நம்ம கையில இருக்கும். பாதி எக்ஸ்ட்ராக்ட்டை கொதி முடியற நேரத்துல போட்டா நிறமும் ஏறாது. ஆவி பட்டா பவுடர் கட்டி தட்டும், அடுப்பை அணைச்சிட்டு கொட்டி நல்லா கலக்குங்க.